சொல் ஒரு பக்கம், இசை ஒரு பக்கம்

பாடல் ஒன்றைக் கேட்கும்போது சொல்லும் இசையும் ஒன்றாகவே நம் காதில் விழுகின்றன. எனினும் மொழி தெரியாத பாட்டிலும் இசையைச் சுவைக்கிறோம். இராகமின்றி வாசித்தாலும் பொருளை உணர்கிறோம். ஒன்றாக வந்ததை இவ்வாறு பிரித்தறிவது நமது மூளை. அதன் இடப்பாதியும் வலப்பாதியும் இப்பணியை எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை இங்குக் காண்போம். பக்கவாதத்தால் பேச்சிழந்தவரைப் பராமரிக்கும் குடும்பத்தினர் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

காதிலிருந்து மூளைக்கு

காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையைத் தட்டி, உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் உறுப்பை அடைந்து, நரம்புத் துடிப்பாக மாறுகிறது. ஒவ்வொரு காதின் செய்தியும் மூளையின் இரு பாதிகளுக்கும் செல்கிறது. ஆனால், எதிர்ப்பக்கம் செல்லும் பாதையே வலிமை மிக்கது.

1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாத நோயாளி ஒருவரைக் கண்டார். அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது மூளையின் இடப்பாதியின் முன்பகுதி சிதைந்திருந்தது. 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் பகுதியும் இடப்புறத்திலேயே இருப்பதை எடுத்துக்காட்டினார். வலக்கைப் பழக்கமுள்ளோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கும், இடக்கைப் பழக்கமுள்ளோரில் பெரும்பாலோருக்கும் மொழிக்கு முதன்மையான இடம் இடப்பாதியே.

கனடாவில் டொரீன் கிமுரா என்னும் பெண் அறிஞர் ஓர் எளிய சோதனை செய்தார். இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கச் செய்தார். வலக்காதில் விழுந்த எண்களையே பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். இது 1961-இல் வெளிவந்தது. பின்னர் எண்களுக்குப் பதிலாக இன்னிசையை ஒலிக்கச் செய்தபோது இடக்காது முந்தியது. அவ்விசையை முதலில் ஏற்றது வலமூளை.

ஏன் இந்தப் பங்கீடு?

‘கல்’, ‘பல்’ என்று சொல்லிப் பாருங்கள். இவற்றின் முதலெழுத்தை வேறுபடுத்திக் காட்டும் ஒலிமாற்றம் வினாடியின் நூறில் சில பங்கிற்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அத்தகைய விரைவான மாற்றங்களைப் பிடிப்பதில் இடப்பாதி வல்லது. சுரங்களின் ஏற்ற இறக்கத்தை நுட்பமாக அளப்பதில் வலப்பாதி வல்லது. ‘வா’ என்ற ஒரே சொல்லை அன்பாகவும் கோபமாகவும் சொல்லலாமல்லவா? அந்தக் குரல் வேறுபாட்டை உணர்வதிலும் வலப்பாதிக்குப் பெரும்பங்கு உண்டு.

2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 10 வாக்கியங்களை 10 மெட்டுகளில் பாடி 100 பாடல்கள் உருவாக்கப்பட்டன. ஒலியின் கால நுட்பத்தைக் கெடுத்தபோது கேட்டவர்களுக்குச் சொல் புரியவில்லை, மெட்டு புரிந்தது. சுர நுட்பத்தைக் கெடுத்தபோது மெட்டு மறைந்தது, சொல் நின்றது. முன்னதை இடப்புறச் செவிப்பகுதியும் பின்னதை வலப்புறச் செவிப்பகுதியும் சார்ந்திருந்தன.

இதனால் கணக்கில் கெட்டிக்காரர் ‘இடமூளைக்காரர்’, கலைஞர் ‘வலமூளைக்காரர்’ என்று முத்திரை குத்துவது தவறு. இரு பாதிகளும் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. நல்ல பாட்டுக்கு இரண்டும் வேண்டும்.

பேச்சு போனாலும் பாட்டு போவதில்லை

ருஷ்ய இசையமைப்பாளர் விசாரியன் செபாலின் 1959-இல் இரண்டாம் முறை பக்கவாதத்தால் தாக்குண்டார். பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் அவருக்குப் பெரும்பாடாயின. ஆயினும் இசையமைப்பதை அவர் நிறுத்தவில்லை. 1963-இல் மறைவதற்கு முன் தமது ஐந்தாவது சிம்பொனியை எழுதி முடித்தார்.

பேச இயலாதவர்கள் சிலர் பழகிய பாடலைச் சொற்களோடு பாடுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றனர். அதனை அடிப்படையாகக் கொண்டு 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சிகிச்சை முறை வகுக்கப்பட்டது. ‘தண்ணீர் வேண்டும்’ போன்ற சிறு தொடரை இராகமாக இழுத்து, ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்டிச் சொல்லப் பழக்குகிறார்கள். நாளடைவில் இராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் பலன் கிட்டுவதில்லை. பேச்சுப் பயிற்சி நிபுணரின் வழிகாட்டுதலும் தேவை.

நம் குடும்பத்தில் ஒருவருக்குத் திடீரென முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, நாக்குழறினாலோ தாமதியாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிழைத்து வந்தும் பேச்சு வரவில்லையென்றால், அறிவே போய்விட்டதென்று எண்ணி அவரை ஒதுக்கிவிடாதீர்கள். பேசுவோர் நடுவே பேசமுடியாமல் அமர்ந்திருப்பதைவிடப் பெரிய தனிமை வேறில்லை. அருகில் அமர்ந்து, அவர் சிறுவயது முதல் பாடிவந்த தேவாரத்தையோ, விரும்பிய பழைய பாடலையோ மெல்லத் தொடங்குங்கள். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அடுத்த சொல் அவர் வாயிலிருந்தே வரக்கூடும்.