வீடு கட்டி மூணு வருஷம் கழிச்சு வேப்பமரம் ஏன் பட்டுப்போகுது?

மனையில் நின்ற மரத்தை வெட்டாமலே வீடு கட்டியாச்சு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்க பாராட்டியும் ஆச்சு. ஆனால் இரண்டு, மூன்று வருடத்தில் உச்சிக்கிளை காய்கிறது, இலை சிறுத்துப்போகிறது, ஏதோ ஒரு புயலில் மரம் சாய்ந்துவிடுகிறது. ‘பூச்சி அடிச்சிருக்கும்’ என்போம். பல நேரம் வேலை நடந்தபோதே வேர் போயிருக்கும்.

வேர் நேராக ஆழத்துக்கு இறங்கும் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் முதல் இரண்டு அடிக்குள், கிளை விரிவையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் மட்டுமில்லை, காற்றும் வேணும். அதன்மேல் சில லோடு லாரி போய்வந்தாலே மண் இறுகிவிடும். ஜல்லி, எம்-சாண்ட் குவிப்பதும் அதே கதைதான். சிமென்ட் கலவை கழுவிய தண்ணீர் கடும் காரம். அதையும் கொண்டுபோய் மரத்தடியில்தான் கொட்டுகிறோம். எல்லாவற்றையும்விட நம்ம ஊரில் பெரிய வில்லன், மண் நிரப்புவது. ரோடு உயர்ந்துகிட்டே போகுதே என்று மனையை மூன்று அடி உயர்த்தினால், பழைய வேர்களுக்குக் காற்று நின்றுபோகும்.

சரி, எவ்வளவு இடம் விடணும்? தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதைப்போல 12 மடங்கு ஆரத்துக்கு வட்டம் போடச் சொல்கிறது பிரிட்டனின் ‘பிஎஸ் 5837’ தரநிலை. சுலபமாகச் சொன்னால், சுற்றளவை நாலால் பெருக்குங்க. 5 அடி சுற்றளவுள்ள மரத்துக்குச் சுமார் 20 அடி. ‘ஒரு கிரவுண்டே 40-க்கு 60 தானே, அப்புறம் வீட்டை எங்கே கட்டுறது?’ என்று கேட்பீங்க. நியாயம்தான், முழு வட்டம் கிடைக்காது. ஆனால் பிளான் போடும்போதே மரத்தைக் குறிக்கச் சொன்னால், சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் மறுபக்கம் போய்விடும். மரத்தின் பக்கம் நீளமாகப் பள்ளம் தோண்டும் அஸ்திவாரத்துக்குப் பதிலாகத் தனித்தனி பில்லரும் மேலே பீமும் போட முடியுமா என்று இன்ஜினீயரிடம் கேளுங்க. காம்பவுண்ட் சுவருக்கு இது ரொம்பவே பொருந்தும்.

ஜேசிபி வருவதற்கு முன்பே சவுக்குக் கம்பும் பழைய தகரமும் வைத்து வேலி போட்டுவிடணும். தண்டில் சாக்கு சுற்றினால் பட்டை தப்பும், வேர் தப்பாது. வண்டி அந்த வழியாகத்தான் போகணும் என்றால், அரை அடிக்கு மரச்சில்லு பரப்பி மேலே பலகை போடலாம். வேர் குறுக்கே வந்தால் ஜேசிபி பிய்த்து இழுக்கக் கூடாது; கையால் மண்ணை எடுத்து, ரம்பத்தால் நேராக அறுக்கணும். மணிக்கட்டு தடிமனுள்ள வேரைத் தொடாமல் சுற்றிப்போவதே நல்லது.

கடைசியில் பேவர் பிளாக். டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. 1 மீட்டர் என்பதே குறைச்சல்தான். நம்ம வாசலில் அதுகூட இருப்பதில்லை.

காண்ட்ராக்டரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீங்க. வேலியைப் பிரித்தால் அந்த வாரப் பணம் நிற்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிடுங்க. இல்லாவிட்டால் இரண்டாம் நாளே வேலிக்குள் சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கும்.