கறுத்த பொருக்கைத் தேடுங்கள்: உண்ணிக் காய்ச்சல் பற்றிய விளக்கம்



மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் முடியும்வரை எங்கள் மருத்துவமனையில் காய்ச்சலோடு வருகிறவர்களின் வரிசை நீண்டிருக்கும். டெங்கு, மலேரியா, டைபாய்டு ஆகியவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். அவற்றோடு அறிந்திருக்க வேண்டிய இன்னொரு நோய் 'ஸ்க்ரப் டைபஸ்'. நம் பக்கத்தில் இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். பெயர் டைபாய்டு போல ஒலித்தாலும் இது முற்றிலும் வேறு நோய்.

எப்படி வருகிறது?

மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணி இதற்குக் காரணமல்ல. புதர்களிலும் புல்தரைகளிலும் வயல் வரப்புகளிலும் வாழும் மிகச் சிறிய ஓர் உண்ணியின் குஞ்சுதான் கடிக்கிறது. அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. எலிகளின் உடலில் ஒட்டி உணவு கொள்ளும் இக்குஞ்சு, அவ்வழியே செல்லும் மனிதரையும் பற்றிக்கொள்கிறது. அப்போது 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்னும் கிருமி நம் உடலில் நுழைகிறது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுகளுக்கும் இக்கிருமி சென்றுவிடுகிறது. ஆனால் ஒரு மனிதரிடமிருந்து மற்றவருக்கு இந்நோய் தொற்றாது. ஆகவே நோயாளியைக் கவனிக்க யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆடு மேய்ப்போர், புல் அறுப்போர், விறகு பொறுக்கச் செல்லும் பெண்கள், புதரருகே விளையாடும் பிள்ளைகள் ஆகியோரே அதிகம் கடிபடுகிறார்கள். தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் நடந்து 2025ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இத்தொற்றுக்கு ஆளாவதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. ஆனால் வருகிற சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடையாளம் என்ன?

கடித்து ஏறக்குறைய பத்து நாட்களில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தொடங்கும். கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று தோன்றும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்ணிக்கடியால் வரும் லைம் நோயில், கடிவாயைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவும். அங்கே வட்டம் என்றால், இங்கே பொருக்கு.

இப்பொருக்கு வலிப்பதில்லை; அரிப்பதும் அரிது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்பில் புடவை கட்டும் இடம், காதின் பின்புறம் என மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். நோயாளிக்கே தெரியாது. கூச்சத்தால் காட்டாதவர்களும் உண்டு. ஆகவேதான் தாதியர் தலைமுதல் கால்வரை பொறுமையாகப் பார்க்கிறார்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் நோய் இருக்கலாம். அதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை உதவும்.

தாமதமே எதிரி

காலத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது. டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரை கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டே நாட்களில் காய்ச்சல் தணிகிறது. கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுக்கப்படுகிறது. ஆனால் இக்கிருமி நம் உடலின் செல்களுக்குள்ளேயே வாழ்வதால், பென்சிலின் வகை மருந்துகளும், டைபாய்டு என எண்ணிப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் பயன் தருவதில்லை. இவற்றிலேயே ஒரு வாரம் கழிந்துவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படலாம். சில ரூபாய் மாத்திரையால் தீர வேண்டிய நோய், செயற்கைச் சுவாசக் கருவிவரை கொண்டுபோய் விடுகிறது.

இத்தகைய கடும் நோயாளிகளுக்கும் இன்று புதிய நம்பிக்கை உண்டு. இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 794 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. மேற்சொன்ன இரு மருந்துகளையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியே கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைப்பதாக அது காட்டியது.

நீங்கள் செய்யக்கூடியது

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. வயலிலிருந்து திரும்பியதும் குளித்து உடை மாற்றுதல், வெறும் புல்லில் படுக்காமல் பாய் விரித்தல், துணிகளைப் புதர்மேல் காயப்போடாதிருத்தல், வீட்டைச் சுற்றிப் புதர் மண்டாமலும் எலி பெருகாமலும் பார்த்தல் ஆகியவை நல்ல பாதுகாப்பு.

உங்கள் சபையின் அறிவிப்பு நேரத்திலும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலும் இதை எடுத்துச் சொல்லுங்கள்: காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் வீட்டிலே காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வயலுக்கோ காட்டுக்கோ போய்வந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். உடலில் கறுத்த பொருக்கு இருந்தால் கூச்சமின்றிக் காட்டுங்கள். நீங்கள் சொல்லும் இந்த மூன்று வார்த்தைகள் ஒரு குடும்பத்தின் தாயையோ தகப்பனையோ காப்பாற்றக்கூடும்.