பெரியப்பாவின் சொற்குறிகளும் பெர்ல் மொழியின் சுருக்கங்களும்

டில்லி நார்த் பிளாக்கில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்து, முப்பது வருஷங்களுக்கு மேல் அங்கேயே காலம் கழித்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, கரோல்பாக் வீட்டு மொட்டை மாடியில் மாலை வேளைகளில் தெருப்பிள்ளைகள் ஐந்தாறு பேரை உட்காரவைத்துப் பிட்மன் முறையைப் போதித்துவந்தார். ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கைவந்துவிட்டால் தலைநகரில் ஒரு தமிழ் இளைஞனுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்ற நம்பிக்கையுடன் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறி வந்து, கோல் மார்க்கெட்டிலும் கரோல்பாக்கிலும் அறைக்கு நால்வராகத் தங்கி, சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்த ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் தம் முறையை முதன்முதலில் வெளியிட்ட 1837ஆம் ஆண்டை, வேறு சிலர் குலதெய்வக் கோயிலின் கும்பாபிஷேகத் தேதியைச் சொல்வதுபோல, அவர் பக்தியுடன் சொல்வார்.

அந்த முறையில் எழுத்துக்கூட்டுக்கு இடமில்லை. காதில் விழும் ஒலியைத்தான் கோடாக்க வேண்டும். ஒரே சாய்வில் மெல்லிதாக இழுத்த கோடு ஓர் ஒலியையும், பென்சிலைச் சற்று அழுத்தித் தடிப்பாக இழுத்த கோடு அதன் இணையொலியையும் குறிக்கும். பம்பரம் என்ற சொல்லிலுள்ள இரண்டு பகரமும் ஒன்றே என்று எண்ணியிருந்த எனக்கு, முன்னதை மெல்லிய கோடாகவும் பின்னதைத் தடித்த கோடாகவும் அவர் போட்டுக் காட்டிய அன்றுதான், நாமே தினமும் வேறுபடுத்தி உச்சரித்துக்கொண்டு, வேறுபடுத்தி எழுதாமல் விட்டுவிட்ட இரண்டு ஒலிகள் அவை என்பது விளங்கிற்று. அடிக்கடி வரும் சொற்களுக்கோ இந்தக் கோடுகளையும் முழுதாகப் போட வேண்டியதில்லை. கிராமலாக் என்னும் சொற்குறிகள் உண்டு. ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு இரண்டு முறையாவது தலைகாட்டும் ‘தி’ என்ற சுட்டுச்சொல், வரியின் மேல் வைத்த ஒரு சிறு புள்ளியாக ஒடுங்கிவிடும்.

வேகம் வந்த பையன் ஒருவன் ‘மினிஸ்ட்ரி’ என்பதற்குத் தானாக ஒரு சுழியைக் கற்பித்துக்கொண்டு வந்து பெருமையுடன் காட்டியபோது, பெரியப்பா அதைப் பென்சிலால் அடித்துவிட்டு, “நாளைக்கு நீ லீவிலே போனா, உன் நோட்டைப் பக்கத்து சீட்டுக்காரன் படிச்சு டைப் அடிக்கணும்டா. புஸ்தகத்திலே இருக்கிற குறியைப் போடு” என்றார். அப்போது அது வீண் கண்டிப்பாகவே எனக்குத் தோன்றியது.

நான் சுருக்கெழுத்து உத்தியோகத்துக்குப் போகவில்லை. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலுக்கு வந்து, அதிலும் இன்றைய இளைஞர்கள் பெயர் சொன்னாலே புன்னகை செய்யும் பெர்ல் என்ற மொழியில் பெரும்பகுதி ஆயுளைக் கழித்தவன். மொழியியல் பயின்ற லாரி வால் என்ற அமெரிக்கர் 1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியிட்ட மொழி அது. ஒரு காரியத்தைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவும், சோம்பலை நிரலாளனின் முதல் நற்குணமாகவும் சிரித்துக்கொண்டே பிரகடனம் செய்தவர் அவர். மனிதர் பேசும் மொழியின் நெளிவு சுளிவுகளை இயந்திரத்தோடு பேசும் மொழியிலும் அனுமதித்தது அவருடைய விசேஷம். அதனாலேயே எழுதுகிறவனுக்கு ஆனந்தமாகவும், பின்னால் வந்து படிக்கிறவனுக்குச் சில சமயம் தண்டனையாகவும் அது அமைந்தது.

1994இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் வகுப்பு, பொருள் என்ற கருத்துகள் பெர்லுக்குள் நுழைந்தன. இவற்றை விளக்க டில்லிவாசிக்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. செக்ரடேரியட் கோப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் போதும். கோப்பு எண், விஷயம், தொடங்கிய தேதி என்று இடம் விட்டு அச்சிட்ட வெறும் அட்டை இருக்கிறதே, அது வகுப்பு. அந்த இடங்களைப் பூர்த்தி செய்து, நாடா கட்டி, உள்ளே பச்சைக் குறிப்புத் தாள்களைக் கோத்து மேஜைக்கு மேஜை அனுப்பப்படும் ஒவ்வொரு கோப்பும் அந்த வகுப்பின் பொருள். அட்டையில் விட்டிருந்த இடங்களே பண்புகள். இந்தப் பண்புகளுக்குள்ளும் தாரதம்யம் உண்டு. கோப்பு எண்ணை ஒரு முறை இட்டபின் யாரும் திருத்தலாகாது. கோப்பு இன்று யார் கையில் இருக்கிறது என்பதோ நாள்தோறும் மாறியாக வேண்டும். விஷயம் எழுதாத அட்டையைக் கோப்பாகவே ஏற்கக் கூடாது. முடித்த தேதியின் இடம், கோப்பு முடியும் வரை காலியாகவே இருக்கலாம்.

இத்தனை விதிகளையும் பழைய பெர்லில் சொல்லும் விதம் எப்படி? மொழி கொடுத்ததெல்லாம் பெயரிட்ட அறைகள் கொண்ட ஒரு பெட்டியும், அந்தப் பெட்டியை இன்ன வகுப்பைச் சேர்ந்தது என்று ‘பிளெஸ்’ செய்யும், அதாவது ஆசீர்வதிக்கும், ஒரு மந்திரமும்தான். மற்றதை நிரலாளன் தன் கைப்பட எழுத வேண்டும். ஒரு பண்பைக் கேட்டால் எடுத்துத் தரவும், புதிய மதிப்பைக் கொடுத்தால் வாங்கி வைக்கவும் ஐந்தாறு வரிகளில் ஒரு சிறு செயற்கூறு. அடுத்த பண்புக்கு அதே ஐந்தாறு வரிகள், பெயர் மட்டும் வேறு. பத்துப் பண்புகள் உள்ள வகுப்பென்றால் ஐம்பது அறுபது வரிகள் ஒன்றைப்போல் ஒன்று வரிசையாக நிற்க, அவற்றினிடையே உண்மையில் வித்தியாசமான ஒரு விதி ஒளிந்திருந்தாலும் படிப்பவன் கண் அதன்மீது தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இந்த வழுக்கலின் பலனை நானே அனுபவித்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் கோப்புகளின் நடமாட்டத்தைக் கண்காணிக்க நான் எழுதிய நிரலில், முடித்த தேதியைக் குறிக்கும் அறையின் பெயரில் ஓரிடத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். பெர்லின் கண்டிப்பு முறையை இயக்கியிருந்தாலும் அது மாறிகளின் பெயர்ப்பிழையைப் பிடிக்குமே அன்றி அறைகளின் பெயர்ப்பிழையைப் பிடிக்காது. பிழையான பெயரில் புதிதாக ஓர் அறையைச் சந்தடியின்றித் திறந்து தேதியை அதில் வைத்துவிடும். விளைவு, முடிந்துபோன கோப்புகளெல்லாம் நிலுவைப் பட்டியலில் தினந்தோறும் உயிர்த்தெழுந்தன. பதில் அனுப்பிக் கட்டிவைத்த விவகாரத்துக்கு நினைவூட்டுக் கடிதம் பெற்ற செக்‌ஷன் அதிகாரி நேரில் வந்து என்னைக் கேட்டது எதுவும் அச்சேறும் தரத்ததன்று. அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

2006இல் ஸ்டீவன் லிட்டில் என்பவர், அப்போது பெர்லின் ஆறாம் பதிப்பாகத் திட்டமிடப்பட்டு, பின்னர் 2019இல் ராக்கு என்று தனிப்பெயர் சூட்டிக்கொண்ட மொழியின் அமைப்பைப் பார்த்து ஊக்கம் பெற்று, மூஸ் என்ற துணைநிரல் தொகுதியை வெளியிட்டார். அதில் ஒரு பண்பை அறிவிக்க ‘ஹேஸ்’ என்ற ஒரு சொல் போதும். ‘உடையது’ என்று பொருள். கோப்பானது விஷயம் உடையது, அது படிக்க மட்டுமே உரியது, எழுத்துகளால் ஆனது, கட்டாயமானது. இந்த நான்கு செய்திகளும் ஒரே வரியில் அடங்கிவிட, எடுத்துத் தரும் செயற்கூறு, வகையைப் பரிசோதிக்கும் காவல், இல்லாவிட்டால் பிழை சொல்லி நிறுத்தும் ஏற்பாடு ஆகியவற்றையெல்லாம் மூஸ் தானே திரைமறைவில் நெய்துகொள்ளும். அறுபது வரி பத்தாகக் குறைந்தது லாபம் என்று பலரும் சொல்வார்கள். என் அபிப்பிராயத்தில் அது சில்லறை லாபம். பத்து வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது, ஒன்பது பண்புகள் மாற்றலாகாதவை, ஒன்று மட்டும் மாற்றத்தக்கது என்பது கண்ணில் அறைந்தாற்போல் தெரிகிறதே, அதற்குத்தான் விலை.

இங்கே ஒரு ரசமான நுட்பம் இருக்கிறது. ‘ஹேஸ்’ என்பது பெர்ல் மொழியின் சொந்தச் சொல்லே அன்று. அது மூஸ் கொண்டுவந்து வைத்த சாதாரணச் செயற்கூறு. அதன் பின்வருவது வெறும் பட்டியல். பட்டியலின் உறுப்புகளுக்கிடையே அம்பு போலக் காணப்படும் குறியும், தனக்கு இடப்புறமுள்ள சொல்லுக்குத் தானே மேற்கோள் போட்டுக்கொள்ளும் ஒரு காற்புள்ளிதான். காற்புள்ளிக்கு அம்பு வேஷமும், செயற்கூறுக்கு அறிவிப்பு வேஷமும் கட்டி, மொழியில் இல்லாத ஓர் இலக்கணம் இருப்பதுபோலவே நடித்துக் காட்டினார்கள். நடிப்பு அவ்வளவு இயல்பாக இருந்ததால், வருஷக்கணக்கில் அதைக் கையாண்டவர்களில் பலர் அது நடிப்பு என்பதையே மறந்திருந்தார்கள்.

சுருக்கத்தின் ருசி கண்டவர்கள் அத்துடன் நிற்பார்களா? ஒவ்வொரு பண்புக்கும் ‘இருப்பு: படிக்க மட்டும்’, ‘கட்டாயம்: ஆம்’ என்று இரண்டிரண்டாக எழுதுவானேன் என்று எண்ணிய கென்ட் ஃப்ரெட்ரிக், மூஸின் மேல் தூவுவதற்கென்றே ‘சுகர்’, அதாவது சர்க்கரை, என்ற பெயரில் ஒரு தொகுதி செய்தார். அதில் ‘ஆர்ஓ’ என்ற இரண்டெழுத்தும் ‘ரிக்வயர்டு’ என்ற ஒற்றைச் சொல்லும் தனியே நின்றால் போதும். ஒவ்வொன்றும் விரிந்து அந்த இரட்டையாகிவிடும். எழுத்தை விட்ட பாவிக்கு இதில் ஒரு பிராயச்சித்தமும் உண்டு: மேற்கோளின்றித் தனியே நிற்கும் சொல்லில் பிழை இருந்தால், கண்டிப்பு முறையில் நிரல் ஓடத் தொடங்குமுன்பே பெர்ல் நிறுத்திவிடும். மூஸிலேயே உள்ள இன்னொரு சௌகரியம், பல பண்புகளின் பெயர்களை ஒரு பகர அடைப்புக்குள் சேர்த்து வைத்து எல்லாவற்றுக்கும் பொதுவான விதியை ஒரே முறை சொல்வது. பாணினியைப் படித்தவர்களுக்கு இது புதுமையாயிராது. ஒரு சூத்திரத்தில் சொன்ன சொல் மறுபடி சொல்லப்படாமலே அடுத்தடுத்த சூத்திரங்களில் தொடர்ந்து வருவதை அநுவிருத்தி என்பார்கள். நம் நன்னூலாரும் நூலின் அழகுகள் பத்தைக் கணக்கிடும்போது சுருக்கத்தை முதலில் வைத்தார். ஆனால் விளக்கத்தை அதற்கு அடுத்தபடியாகவே வைத்தார்.

அந்த இரண்டாவதைக் கோட்டைவிட்ட சுருக்கங்களும் உண்டு. மூஸிலேயே ‘லேஸி பில்டு’ என்று ஒன்று இருந்தது. கேட்கும்போதுதான் மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்ற ஒரு சிறு ஆசையை அதன்மூலம் சொன்னால், அழிக்க ஒன்று, இருக்கிறதா என்று பார்க்க ஒன்று எனக் கேளாத செயற்கூறுகளையும் அது கூடவே பிறப்பித்துவிடும். மூஸின் கையேடே பிற்காலத்தில் அதை வேண்டாமென்று வற்புறுத்தியது. மூஸின் கனம் தாங்காதவர்களுக்கென்று மவுஸ், மூ என்ற இளையவை வந்தன. மூவுக்கு முன்பே வேறு பல தொகுதிகள், ஒவ்வொன்றும் தனக்கே உரிய சுருக்கத்துடன் பெர்லின் பொதுக் களஞ்சியத்தில் குவிந்திருந்தன. ஒரு சமயம் என் கைக்கு வந்த நிரலில், மூன்று பேர் மூன்று காலத்தில் எழுதியதால், ஒரே கோப்பு வகுப்பின் பண்புகள் மூன்று விதச் சுருக்கத்தில் அறிவிக்கப்பட்டிருந்தன. பக்கத்து சீட்டுக்காரனின் நோட்டைப் படிக்கும் சங்கடம் என்ன என்பதை, பெரியப்பா சொல்லி இருபது வருஷம் கழித்து, அன்று அறிந்தேன்.

2023 ஜூலையில் வந்த பெர்ல் 5.38இல் கர்ட்டிஸ் போ முன்னின்று வகுத்த திட்டத்தின்படி, பால் எவன்ஸின் கைவண்ணத்தில், வகுப்பையும் பண்பையும் அறிவிக்கும் சொற்கள் மொழியின் சொந்தச் சொற்களாகவே, பரிசோதனை என்ற முத்திரையுடன், சேர்க்கப்பட்டன. ‘ஃபீல்டு’ என்று தொடங்கிப் பண்பின் பெயரை எழுதி, ஒரு முக்காற்புள்ளியிட்டுப் ‘பாராம்’ என்று சேர்த்தால், பொருளைப் படைக்கும்போதே அதற்கு மதிப்பு வாங்கிக்கொள்ளலாம். ‘ரீடர்’ என்ற ஒட்டு மறு ஆண்டு 5.40இல் வந்து, எடுத்துத் தரும் செயற்கூறையும் எழுதாமல் எழுதிவிட்டது. பண்பு இப்போது பெட்டியின் அறையாக இல்லாமல் மாறியாகவே ஆகிவிட்டபடியால், வகுப்புக்குள் அதன் பெயரில் ஓர் எழுத்தை விட்டால் கண்டிப்பு முறையில் நிரல் ஓடவே ஓடாது. என்னை இரண்டு நாள் அலையவைத்த பிழைக்கு மோட்சம் கிடைக்கச் சுமார் முப்பது வருஷம் ஆயிற்று. தொகுதிக்காரர்கள் ஆளுக்கொன்றாகப் போட்டுவந்த சுழிகளில் ஒன்று கடைசியில் புஸ்தகத்துக் குறியாயிற்று என்று பெரியப்பாவிடம் சொல்லியிருப்பேன், அவர் இல்லை.

கரோல்பாக் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து அவருடைய நோட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறையக் கிடைத்தன. பென்சில் கோடுகள் மங்கி, மெல்லியது எது தடித்தது எது என்று பிரித்தறிய முடியாமல் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மாடியில் கற்ற என்னாலேயே ஒரு பாரா முழுதாகப் படிக்க இயலவில்லை. ஆனால் பெயர்களையும் எண்களையும் அவர் ஒருபோதும் சுருக்கியதில்லை. பக்கம் முழுதும் புழுதிபோல் கிடந்த புள்ளிகளுக்கும் கீறல்களுக்கும் நடுவில், நீட்டெழுத்தில், அழுத்தமாக, ஒரு கோப்பு எண், ஒரு தேதி, ‘மெட்ராஸ்’ என்ற ஊர்ப்பெயர், அடுத்த வரியில் 4,250 ரூபாய்.