புண்ணுக்குள் வைத்த திரி! டாக்டரிடம் மறுபடி ஓடவேண்டியது எப்போது?

தொடையில் பெரிய கட்டி. டாக்டர் கீறினார். சீழ் வெளியேறியது. குழிக்குள் நீளமான வலைத்துணியைத் திரிபோல் வைத்துக் கட்டி, "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பினார்.

வீட்டில் பாட்டிக்குச் சந்தேகம். "புண்ணுக்குள் துணி இருந்தால் எப்படி ஆறும்?"

ஆறுவதற்குத்தான் திரி! கட்டியின் குழி ஆழம், வாய் சிறிது. மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால், உள்ளே மறுபடியும் சீழ் தேங்கும். திரி இருந்தால் கசிவு வெளியே வரும். புண் அடியிலிருந்து ஆறிக்கொண்டு வரும். (சிறு கட்டிகளுக்குப் பல டாக்டர்கள் இப்போது திரி வைப்பதில்லை.)

முதல் ஓரிரு நாள் கட்டுத் துணியில் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ நீர் கசியும். திரி மாற்றும்போது வலிக்கும். பயம் வேண்டாம். ஆனால் வலியும் வீக்கமும் நாளுக்கு நாள் குறையவேண்டும்.

பேனாக் கோடு

புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பிறகு பார்க்கும்போது சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா? உடனே டாக்டரிடம் போங்கள். கருத்த மேனியில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சூட்டையும் வீக்கத்தையும் தொட்டுப் பார்க்கவேண்டும்.

100.4 டிகிரிக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றமடிக்கும் கெட்டிச் சீழ் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே போகவேண்டும்.

புண்ணோ சிறிது, வலியோ தாங்க முடியவில்லை, சுற்றிலும் தோல் கருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிதான்! சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே.

எத்தனை திரி?

உள்ளே எத்தனை திரி என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எடுக்கும்போது எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் ஊசியால் தோண்ட வேண்டாம், டாக்டரே எடுக்கட்டும். உள்ளே தங்கிய துணி மறுபடியும் சீழ் பிடிக்க வைக்கும்.

திரி தானாக விழுந்துவிட்டதா? வீட்டுத் துணியைத் திணிக்காதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நீரிழிவுக்காரர் வீட்டில் இன்னும் கவனம் தேவை. "வலியே இல்லை" என்று அவர் சிரிப்பார். காலில் நரம்பு மரத்துப்போயிருந்தால், புண் அழுகினாலும் வலி தெரியாது. அவர் சொல்வதைக் கேட்காமல், தினமும் கட்டைப் பிரித்துக் கண்ணால் பாருங்கள்.