வக்கீல் ஆபீஸ் கணக்கு – 5: பீஸ் ஒரு பக்கம், கோர்ட் ஃபீ ஒரு பக்கம்

பத்து லட்ச ரூபாய் பாக்கியை வசூலிக்க ஒரு பிராது போட வேண்டும். தமிழ்நாட்டில் 2017-க்கு முன் இதற்குக் கோர்ட் ஃபீ ஏழரை சதவீதம். இப்போது மூன்று சதவீதம். அதுவே 30,000 ரூபாய். கட்சிக்காரர் தன் வக்கீலுக்கு ஜி-பேயில் 50,000 அனுப்புகிறார். கோர்ட் ஃபீ 30,000, பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ் வகையறா 5,000, மீதி 15,000 பீஸ். பணம் போய் விழுவது வக்கீலின் சேமிப்புக் கணக்கில். அதில் ஏற்கெனவே இருந்தது நாலாயிரம். மறுநாள் காலை கார் லோன் தவணை 22,000 பிடித்தம் ஆகிறது. கணக்கில் இப்போது 32,000. செலவுக்கு வேண்டியதோ 35,000.

ஆக, கட்சிக்காரர் பணத்தில் மூவாயிரம் ரூபாய் காருக்குப் போய்விட்டது. வக்கீல் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது பேங்க் சர்வர் செய்த வேலை அது.

‘எந்த பேங்க் நல்லது சார்?’ என்றுதான் புதிதாக போர்டு மாட்டும் ஜூனியர்கள் கேட்கிறார்கள். எத்தனை கணக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். பேங்கை அப்புறம் பார்க்கலாம்.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 25 முதல் 32 வரை பேசுவது இந்தப் பணத்தைப் பற்றித்தான். வந்த தொகை பீஸுக்கா, செலவுக்கா என்று வரவு வைக்கும்போதே குறிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது செலவுப் பணத்தைப் பீஸுக்குத் திருப்ப வேண்டுமானால் கட்சிக்காரர் எழுதித் தர வேண்டும். அவருக்காகப் பணம் வந்தால் சீக்கிரமே தெரிவிக்க வேண்டும். இதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். கையிலிருக்கும் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது. இவ்வளவு சொல்லும் விதிகள், தனி பேங்க் கணக்கு வை என்று மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்குப் பொதுவாக அது கட்டாயம். இங்கே அவரவர் விருப்பம். விருப்பம் என்று விட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதானே!

உத்தரப்பிரதேசத்தில் ஒரு வழக்கு. நில ஆர்ஜித இழப்பீடாகக் கோர்ட்டில் கிடந்த 8,118 ரூபாயை 1987-ல் எடுத்த வக்கீல், எழுத்தறிவில்லாத கட்சிக்காரரிடம் அதைக் கொடுக்கவில்லை. சமாதானம் ஆகிவிட்டதாகக் காட்டிய அஃபிடவிட்டும் பொய்யானது. பார் கவுன்சில் மூன்று வருட சஸ்பென்ஷனோடு விட்டது. உச்ச நீதிமன்றம் 2002-ல், பட்டியலிலிருந்தே பேரை நீக்கிவிட்டது. அது அப்பட்டமான மோசடி, கார் தவணையோடு சேர்த்துப் பேசக் கூடாதுதான். ஆனால் புகார் என்று வந்துவிட்டால், இது வேறு அது வேறு என்று நிரூபிக்க வக்கீலிடம் ஏதாவது ஒரு காகிதம் இருக்க வேண்டுமே.

அதனால் இரண்டு நடப்புக் கணக்கு. ஒன்று பீஸுக்கு, மற்றது கட்சிக்காரர் செலவுப் பணத்துக்கு. நடப்புக் கணக்கில் வட்டி கிடையாதே என்று சிலர் தயங்குவார்கள். கட்சிக்காரர் பணத்துக்கு வட்டி வந்தால் அது யாருக்கு என்று ஒரு தகராறு கிளம்பும்; வராதவரை நிம்மதி. இரண்டாவது கணக்குக்கு டெபிட் கார்டு வாங்காதீர்கள், எந்தத் தவணையையும் அதில் கோக்காதீர்கள். மேஜையில் வைக்கும் க்யூஆர் அட்டையும் இரண்டாக இருக்கட்டும். ‘அசோசியேட்ஸ்’ என்று ஆபீஸ் பேரில் கணக்கு கேட்டால் பேங்கில் தொழிலுக்கான சான்று கேட்பார்கள். ஜி.எஸ்.டி. நம்பர் இல்லையா என்றும் கேட்பார்கள். தனி வக்கீல் ஒரு நிறுவனத்துக்குச் செய்யும் வேலைக்கு, வரி கட்ட வேண்டிய அளவில் அந்த நிறுவனம் இருந்தால், ஜி.எஸ்.டி. கட்டுவது அந்த நிறுவனமே. வக்கீல் பதிவு செய்ய வேண்டியதில்லை. இதை கவுன்ட்டரில் பொறுமையாக விளக்கத் தயாராகப் போங்கள். ஜி.எஸ்.டி. வசதியோடு மென்பொருள் விற்க வருபவருக்கும் இதே பதில்தான்.

சரி, எந்த பேங்க்? இரண்டு கணக்கையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க் 2020 நவம்பரில் முடக்கப்பட்டபோது, டி.பி.எஸ். பேங்க்குடன் இணையும்வரை ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. சில நாள்தான். ஆனால் லிமிடேஷன் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கோர்ட் ஃபீ அங்கே மாட்டிக்கொண்டால்? கிரிமினல் வழக்கு எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பீஸாக வந்த பணம் ஏதோ சைபர் மோசடியில் சுற்றி வந்தது என்று போலீஸ் கணக்கை முடக்கும். பீஸ் கணக்கு முடங்கினாலும் மற்றவர்களின் கோர்ட் ஃபீ தப்ப வேண்டும். விபத்து இழப்பீடு மாதிரி பெரிய தொகைகளோ வக்கீல் கணக்கைத் தொடாமல் கட்சிக்காரருக்கு நேராகப் போவதுதான் இருவருக்கும் நல்லது.

மென்பொருளைப் பொறுத்தவரை, முப்பது நாற்பது கட்டு வைத்திருப்பவருக்கு எக்ஸெல் போதும். வழக்குக்கு ஒரு தாள்: தேதி, வரவு, பீஸா செலவா, ரசீது எண், கையிருப்பு. எல்லாத் தாள்களின் கையிருப்பையும் கூட்டினால் இரண்டாவது கணக்கின் பேங்க் இருப்போடு ஒத்துப்போக வேண்டும். மாதம் ஒருமுறை இதைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு டேலியும் உதவாது, ஸோஹோ புக்ஸும் உதவாது. ஜூனியர்கள் சேர்ந்து, கம்பெனி கட்சிக்காரர்களும் வந்த பிறகு அவற்றை வாங்கலாம்.

கம்பெனிகளுக்கு பில் போடும்போது பீஸையும் செலவையும் தனித்தனி பில்லாகப் போடுங்கள். ஒரே பில்லாகப் போனால் கோர்ட் ஃபீக்கும் சேர்த்து 10 சதவீத டி.டி.எஸ். பிடித்துவிடுவார்கள். வருமான வரியில் பாதி வரவை லாபமாகக் காட்டும் திட்டத்துக்கு வரம்பு 50 லட்சம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். கோர்ட் ஃபீயும் வரவில் கலந்துவிட்டால், அடுத்தவர் பணத்துக்கும் நீங்கள் வரி கட்டுவீர்கள்.

ரொக்கத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை. குமாஸ்தா கையில் தினமும் போகும் ஐந்நூறும் ஆயிரமும் எந்தக் கணக்கில் ஏறுகின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)