சொந்தக் கட்சியையே தோற்கடிக்கச் சொன்ன வலதுசாரி பத்திரிகையாளர்! யார் இந்த ஜார்ஜ் வில்?

2018 ஜூன் மாதம். அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தலுக்கு ஐந்து மாதம்கூட இல்லை. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஒரு பத்தி வெளியானது. இந்த முறை குடியரசுக் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போடுங்கள் என்று வாக்காளர்களை நேரடியாகவே கேட்டுக்கொண்டது அது.

ஜனநாயகக் கட்சி ஆதரவாளர் யாராவது இப்படி எழுதியிருந்தால் அது செய்தியே கிடையாது. ஆனால் எழுதியவர் ஜார்ஜ் வில். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அமெரிக்க வலதுசாரிகளின் குரலாக இருந்தவர். ரொனால்டு ரீகன் தேர்தல் விவாதத்துக்குத் தயாரானபோது கூட இருந்து உதவியவர். அப்படிப்பட்டவர் ஏன் இப்படி எழுதினார்? டொனால்டு டிரம்ப் மேல் உள்ள கோபம் மட்டும்தான் காரணமா?

யார் இந்த ஜார்ஜ் வில்?

1941-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா தத்துவப் பேராசிரியர். ஆக்ஸ்போர்டு, பிரின்ஸ்டன் என்று படித்து முனைவர் பட்டம் வாங்கி, ஒரு செனட்டரிடம் வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் பத்திரிகைப் பக்கம் வந்தார். வலதுசாரி இதழான 'நேஷனல் ரிவ்யூ'வில் வாஷிங்டன் ஆசிரியர். 1974-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் பத்தி எழுதத் தொடங்கினார். 1977-ல் புலிட்சர் பரிசு. பேஸ்பால் பைத்தியம் வேறு. அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

வலதுசாரி என்றதும் மதம் சார்ந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். தான் ஒரு நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர் வில். குறைந்த வரி, தடையில்லாத வர்த்தகம், அரசியல் சட்டம் போட்ட எல்லைக்குள் அடங்கி நடக்கும் அரசு... இதுதான் அவருடைய வலதுசாரிக் கொள்கை. அதிபர் என்பவர் மூன்று அதிகார மையங்களில் ஒருவர், அவ்வளவுதான். அவர் ராஜா கிடையாது என்பது அவருடைய வாதத்தின் அடிப்படை.

சொந்தக் கட்சி அதிபர்களை இதற்கு முன்பும் விட்டுவைத்ததில்லை. வாட்டர்கேட் ஊழலில் ரிச்சர்ட் நிக்சனைக் கடுமையாக விமர்சித்தார். துணை அதிபராக இருந்த மூத்த புஷ், வலதுசாரிகளைத் திருப்திப்படுத்த ஓடி ஓடிப் பேசியதைப் பார்த்து, 1986-ல் அவரை மடியில் வளர்க்கும் நாய்க்குட்டி என்று எழுதினார். 2005-ல் இளைய புஷ், தனது வழக்கறிஞர் ஹாரியட் மையர்ஸை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்க முயன்றார். அந்தப் பதவிக்கு அவருக்குத் தகுதி இல்லை என்று முதலில் குரல் கொடுத்த வலதுசாரிகளில் வில்லும் ஒருவர். எதிர்ப்பு கட்சிக்குள்ளேயே பெருகியது. சில வாரங்களில் மையர்ஸ் விலகிக்கொண்டார். அப்போதெல்லாம் ஒரு பத்தியாளர் எழுதினால் வெள்ளை மாளிகை காது கொடுத்துக் கேட்டது.

கட்சியிலிருந்து விலகியது எப்படி?

2016-ல் அதிபர் வேட்பாளர் ரேஸில் டிரம்ப் முந்தத் தொடங்கியதும் வலதுசாரிப் பத்திரிகையாளர்கள் பதறிப்போனார்கள். அந்த ஜனவரியில் 'நேஷனல் ரிவ்யூ' டிரம்புக்கு எதிராக ஒரு சிறப்பிதழே போட்டது. என்ன நடந்தது தெரியுமா? கட்சித் தலைமை, வேட்பாளர் விவாதத்தை நடத்தும் குழுவிலிருந்து அந்த இதழையே தூக்கிவிட்டது. டிரம்ப் ஜெயித்துக்கொண்டே போனார்.

ஜூன் மாதம் வில் தனது முடிவை அறிவித்தார். மேரிலாந்து மாநில வாக்காளர் பதிவேட்டில் குடியரசுக் கட்சிக்காரர் என்று இருந்ததை 'எந்தக் கட்சியும் சாராதவர்' என்று மாற்றிக்கொண்டார். இது என் கட்சி இல்லை என்றார். டிரம்ப் தோற்பதை உறுதி செய்யுங்கள், நான்கு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், அடுத்த முறை ஜெயிக்கலாம் என்பதுதான் கட்சிக்கு அவர் சொன்ன யோசனை. டிரம்ப் சும்மா இருப்பாரா? அளவுக்கு மீறிப் புகழப்பட்ட ஆள் என்று ட்விட்டரில் கிண்டலடித்தார்.

பதிவேட்டில் ஒரு சொல்லை மாற்றுவது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். நம்ம ஊரில் கட்சி உறுப்பினர் அட்டை கட்சி ஆபீஸில் கிடைக்கும். மேரிலாந்து போன்ற மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று அரசுப் படிவத்தில் சொல்லலாம். அப்படிச் சொன்னவர்தான் அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் ஓட்டுப் போட முடியும். வில் தன் பதிவை மாற்றியபோது அந்த ஓட்டையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தார்.

பிரைமரி என்ற கத்தி

இந்த விவகாரத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. இந்தியாவில் 1985-ல் வந்த அந்தச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் எம்.பி., எம்.எல்.ஏ. பதவியே போகலாம். அமெரிக்க எம்.பி.க்கு அந்தப் பயம் இல்லை. தன் கட்சி அதிபரை எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் பதவி அப்படியேதான் இருக்கும்.

காகிதத்தில் மட்டும்தான் இந்தச் சுதந்திரம். அடுத்த தேர்தலில் சீட் கொடுப்பது தலைமை அல்ல, பிரைமரியில் ஓட்டுப் போடும் கட்சி வாக்காளர்கள். அவர்கள் அதிபரின் பக்கம் இருந்தால், அதிபரை எதிர்த்த எம்.பி. கதி என்ன? 2021 ஜனவரியில் டிரம்புக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானத்தை கீழவையில் 10 குடியரசுக் கட்சி எம்.பி.க்கள் ஆதரித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் 4 பேர் போட்டியிடவே இல்லை. 4 பேர் பிரைமரியில் தோற்றார்கள். முன்னாள் துணை அதிபரின் மகளான லிஸ் சேனியும் அதில் ஒருவர். மிச்சம் இருந்தது 2 பேர்தான்.

கொறடாவே இல்லாமல் கொறடா உத்தரவு நடக்கிறது.

வில்லின் 2018 பத்தி இதைத்தான் குறி வைத்தது. அதிபரைத் தட்டிக் கேட்க வேண்டிய நாடாளுமன்றம் அவருக்கு எடுபிடி வேலை பார்க்கிறது. அந்தப் பெரும்பான்மையைப் பறித்தால்தான் அரசியல் சட்டம் சொன்ன சமநிலை திரும்பும் என்பது அவர் கணக்கு. ஜனநாயகக் கட்சி மேல் அவருக்குப் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை. அந்த நவம்பரில் கீழவை ஜனநாயகக் கட்சி வசம் போனது. அதற்குக் காரணம் அவருடைய பத்தி என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

திருப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இது ஏதோ வாஷிங்டன் பஞ்சாயத்து என்று ஒதுக்கிவிட முடியாது. இறக்குமதி வரி விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் 2025-ல் 1977-ம் ஆண்டு அவசரநிலைச் சட்டம் ஒன்றைக் காட்டி, அதிபர் டிரம்ப் தன் உத்தரவு மூலமாகவே பல நாடுகள் மேல் வரி போட்டார். அந்த ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மேல் கூடுதல் வரி 50 சதவீதமானது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனார்கள். நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை, ஒரு கையெழுத்துதான். அதிபர் கையில் அதிகாரம் குவிகிறது என்று வில் பல வருஷமாக எழுதிவந்தது இந்த மாதிரி விஷயங்களைப் பற்றித்தான்.

ஜோ பைடனுக்கும் அதே அளவுகோல்தான். 2020-ல் பைடனுக்கு ஆதரவாக நின்ற வில், மாணவர் கல்விக் கடனை அவர் அதிபர் உத்தரவு மூலம் தள்ளுபடி செய்யப் பார்த்ததைக் கடுமையாகச் சாடினார். 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பைடனும் கமலா ஹாரிஸும் 2024 தேர்தலில் நிற்கக் கூடாது என்று 2022 நவம்பரிலேயே எழுதியவரும் இவர்தான்.

விமர்சனம் இல்லையா?

நிறையவே இருக்கிறது. 1980-ல் ரீகனுக்கு விவாத ஒத்திகையில் உதவிவிட்டு, அதைச் சொல்லாமலே டிவியில் உட்கார்ந்து ரீகனைப் பாராட்டினார். விஷயம் 1983-ல்தான் வெளியே வந்தது. பத்திரிகை தர்மப்படி இது பெரிய சறுக்கல், சந்தேகமே இல்லை. 2014-ல் கல்லூரி வளாகப் பாலியல் வன்முறை பற்றி அவர் எழுதிய பத்தி கொந்தளிப்பை உண்டாக்க, செயின்ட் லூயிஸ் நகர நாளிதழ் ஒன்று அவர் பத்தியையே நிறுத்தியது. தேர்தல் ஜோசியமும் பலிக்கவில்லை. 2012-ல் மிட் ராம்னிக்கு 321 தேர்வாளர் ஓட்டுகள் என்றார். ராம்னி வாங்கியது 206.

இன்னொரு விமர்சனம் இதைவிட ஆழமானது. வில் பேசிய வலதுசாரிக் கொள்கை பத்திரிகை அலுவலகங்களிலும் கருத்தரங்கங்களிலும்தான் இருந்தது, தொண்டர்கள் மனதில் எப்போதுமே இல்லை என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. டிரம்பை எதிர்த்த வலதுசாரி வார இதழ் 'வீக்லி ஸ்டாண்டர்ட்' 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஃபாக்ஸ் நியூஸில் வில்லின் இடமும் 2017 தொடக்கத்திலேயே காலியானது. அவர் தோற்கடிக்கச் சொன்ன டிரம்ப் 2016-லும் ஜெயித்தார், 2024-ல் 312 தேர்வாளர் ஓட்டுகளோடு திரும்பியும் வந்தார்.

இதற்கு நடுவே, 2019-ல், வலதுசாரி சிந்தனை பற்றி வில் ஒரு கனமான புத்தகம் எழுதினார். டிரம்ப் முதல்முறை அதிபராக இருந்த காலத்தில் வந்த புத்தகம். 500 பக்கங்களுக்கும் மேல். அதில் டிரம்ப் என்ற பெயர் ஒரு இடத்தில்கூட வராது.