தராசுக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் ஒரு சிப்

கட்டுகஸ்தோட்டையில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொள்வனவு செய்கிற கடைகளுக்கு இலத்திரனியல் தராசு புதிதல்ல. அந்தத் தராசுகள் பலவற்றின் பின்பக்கத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். நிறையைக் கணினிக்கு அனுப்புவதற்கென்றே வைத்தது. இன்று வாங்கும் மடிக்கணினியிலோ அதற்குத் தோதான வாய் கிடையாது, யூஎஸ்பி மட்டுந்தான். ஆகவே கண்டி நகரத்துக் கடையொன்றில் ஒரு 'யூஎஸ்பி டு சீரியல்' கேபிள் வாங்கி வந்து செருகுகிறார்கள். சிலருக்கு உடனே வேலை செய்யும். மற்றவர்கள் வயரைத் திட்டுவார்கள்.

வயரில் குற்றமில்லை. ஒன்பது ஊசிகளின் தலைப்பகுதிக்குள் ஒரு சிப் ஒளிந்திருக்கிறது. தொல்லை அநேகமாக அங்கேதான்.

தராசு பேசுவது ஆர்எஸ்-232 என்ற பழைய முறை. தட்டச்சு முனையங்களை மோடத்தோடு இணைப்பதற்காக 1960இல் அமெரிக்காவில் வகுத்தார்கள். பிட் 1 என்றால் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை. 0 என்றால் பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. ஒவ்வோர் எழுத்தும் பெரும்பாலும் எட்டு பிட்டாகப் போகும். முன்னால் தொடக்க பிட் ஒன்று, பின்னால் முடிவு பிட் ஒன்று. அப்படியென்றால் 9600 என்ற வேகத்தில் செக்கனுக்கு 960 எழுத்து. கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் தராசுக்குக் கவலையில்லை. அது தன்பாட்டில் நிறையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

1996இல் வந்த யூஎஸ்பி இதற்கு நேர் எதிர். கணினி கேட்காமல் எந்தச் சாதனமும் வாய் திறக்கக் கூடாது. செருகிய கணத்தில் கணினி முதலில் கேட்பது 'நீ யார்?' என்றுதான். சாதனம் இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும்: தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண். அந்த எண்களுக்குப் பொருத்தமான டிரைவர் என்ற மென்பொருள் கணினியில் இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. ஆக, நம் கேபிளுக்குள் இருக்கும் சிப் தராசின் ஓயாத பேச்சைக் கேட்டுச் சேமித்து, கணினி கேட்கும்போது பொதிகளாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். வோல்ட்டை மாற்றும் வேலை வேறு.

இந்த சிப்பைச் செய்பவர்கள் உலகில் ஒரு சிலரே. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலுள்ள எஃப்டிடிஐ, தைவானின் ப்ரோலிஃபிக், சிஎச்340 என்ற மலிவான சிப்பைத் தரும் சீன நிறுவனம், அமெரிக்காவின் சிலிக்கன் லாப்ஸ். முதல் இரண்டுக்கும் போலிகள் ஏராளம். அவை அசலின் எண்ணையே சொல்லி அசலின் டிரைவரையே பயன்படுத்தின. 2014இல் எஃப்டிடிஐ பொறுமையிழந்தது. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் புதிய டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் பொருள் எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டது. அதன்பிறகு எந்தக் கணினியில் செருகினாலும் வழமையான டிரைவருக்கு அந்தக் கேபிளை அடையாளம் தெரியவில்லை. அசலென்று நம்பிக் காசு கொடுத்தவனின் பொருள்தான் செத்தது. போலியைச் செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் அந்த டிரைவரை மீளப் பெற்றார்கள். 2016இல் வந்த டிரைவர் வேறு வழியில் போனது: போலி சிப் என்றால் தரவுக்குப் பதிலாக 'இது அசல் சாதனம் அல்ல' என்ற ஆங்கில வாசகத்தை அனுப்பியது. மிளகின் நிறை வர வேண்டிய இடத்தில் அந்த வாசகம் வந்தால் முதலாளி என்ன நினைப்பார்?

ப்ரோலிஃபிக்கும் சளைத்ததல்ல. தானே முன்பு விற்ற பழைய சிப்புகளைக்கூட அதன் புதிய டிரைவர் ஏற்பதில்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' என்ற பிழையும் வரும். பழைய பதிப்பு டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'என்ன சிப்?' என்பதே. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் செருகிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் 'ஹார்ட்வேர் ஐடி'யில் பொருள் எண் 6001 என்றிருந்தால் எஃப்டிடிஐ, 2303 என்றால் ப்ரோலிஃபிக், 7523 என்றால் சிஎச்340. டிரைவரை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். லினக்ஸில் இவை எல்லாவற்றுக்கும் டிரைவர் ஏற்கெனவே உண்டு. ஆனால் உபுண்டு 22.04இல் ஒரு வேடிக்கை: பார்வையற்றோருக்கான பிரெயில் கருவி ஒன்றும் அதே 7523 எண்ணைச் சொல்வதால், பிரெயில் மென்பொருள் நம் கேபிளைத் தன்னுடையதென்று எடுத்துக்கொள்ளும். அந்த மென்பொருள் தேவைப்படாத கணினியென்றால் அதை நீக்கிவிடலாம்.

டிரைவர் ஏறியதும் 'காம் 3', 'காம் 7' என்று ஓர் எண் கிடைக்கும். கடை மென்பொருளிலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். மலிவான சிப்புகள் பலவற்றுக்குத் தமக்கென்று தொடரெண் இல்லாததால், வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் காம் எண்ணும் மாறிவிடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்ற முறைப்பாடுகளில் பாதி இதுதான் என்பேன். ஒரே துளையில் செருகுவதைப் பழக்கமாக்குங்கள்.

தராசை இணைக்குமுன் கேபிளை மட்டும் சோதிக்க ஒரு காகிதக் கிளிப் போதும். இரண்டாம், மூன்றாம் ஊசிகளை அதால் தொடுத்துவிட்டு, 'புட்டி' என்ற இலவச மென்பொருளில் ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால் கேபிளும் டிரைவரும் நலம். அதன்பின் தராசை இணைத்தும் புரியாத குறிகள் வந்தால் வேகமோ பிட் எண்ணிக்கையோ பொருந்தவில்லை. தராசின் கையேட்டில் 2400 என்றிருக்கலாம், ஏழு பிட் என்றிருக்கலாம். ஒன்றுமே வராவிட்டால் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் மாற வேண்டியிருக்கும். அதற்கு 'நல் மோடம்' என்ற குறுக்கிணைப்பி விற்கிறார்கள்.

பேராதனைப் பொறியியல் மாணவர்கள் வாங்கும் சிறு சர்க்கிட் பலகைகளுக்கு இந்தக் கேபிள் ஆகாது. அவை 3.3 அல்லது 5 வோல்ட்டில் ஓடுபவை. மைனஸ் 12 வோல்ட் பாய்ந்தால் போய்விடும். அதற்கென்று 'டிடிஎல்' வகை தனியாக உண்டு.

இன்னொன்று, கண்டிக்காரர்களுக்கு. தராசு ஒரு பிளக்கிலும் கணினி இன்னொரு பிளக்கிலும் மின்சாரம் எடுக்கின்றன. இரண்டையும் இந்தக் கேபிளின் தரைக்கம்பி ஒன்றாக்கிவிடுகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால், மின்னல் அதிர்ச்சி அந்த வழியாகத் தாய்ப்பலகை வரை போகலாம். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிளையும் கழற்றிவிடுங்கள்.